கலையால் மீண்டெழுந்த ஜோர்ஜ்டவுன்

ஒரு நகரின் பெருமை உயர்ந்த கட்டடங்களில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அங்கு வாழும் மக்களின் வழிபாடும் கலையும் பண்பாடுமே அந்நகருக்கு உயிரூட்டுகின்றன. இவ்வுண்மைக்குப் பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுன் தக்க சான்றாகும்.

1786 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இத்துறைமுக நகரை நிறுவினார். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகரும் உழைப்பாளரும் கடல் கடந்து வந்து குடியேறினர். சூலியா வீதி என்னும் பெயர் அவர்களை இன்றும் நினைவூட்டுகிறது. தமிழ் முஸ்லிம்கள் 1801 இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அடிகோலினர். 1833 இல் குயின் வீதியில் அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயம் எழுந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1894 இல் வரவழைத்த வெள்ளி ரதம், தைப்பூசத்திற்கு முதல் நாள் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுவது மரபாயிற்று.

இத்தகைய நகரம் பின்னாளில் தளர்வுற்றது. 1969 இல் தீர்வையற்ற துறைமுகம் என்னும் தகுதியைப் பினாங்கு இழந்தது. 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய கடைவீடுகளின் வாடகை குறைவாகவே இருந்தது. பழுதுபார்க்க உரிமையாளர் முன்வரவில்லை. ஆயினும் சிறுவணிகரும் கைவினைஞரும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. 2000 ஆம் ஆண்டு தொடங்கியபோது அச்சட்டம் நீங்கியது. வாடகை உயர, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல புறநகர்களுக்குப் பெயர்ந்தன. வீதிகள் வெறிச்சோடின.

அவ்வேளையில் கைகொடுத்தவை கலையும் பண்பாடும் ஆகும். பாழடைந்திருந்த சியோங் ஃபாட் சே மாளிகை செம்மையாகப் புதுப்பிக்கப்பட்டு, 2000 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்றது. இளையோர் முதியவர்களிடமும் கைவினைஞரிடமும் நகரின் கதையைக் கேட்டறிந்து, அதனை நாடகமாகவும் கண்காட்சியாகவும் படைக்கும் கலைக்கல்வித் திட்டங்கள் தோன்றின. 2008 ஜூலை 7 ஆம் நாள் ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. பழைய கட்டடங்களோடு, பல இனத்தாரும் பல சமயத்தாரும் அருகருகே வாழ்ந்து பேணிய மரபும் அங்கு மதிப்புப் பெற்றது.

2010 இல் ஜோர்ஜ்டவுன் கலைவிழா தொடங்கியது. 2012 ஆம் ஆண்டு விழாவையொட்டி லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் தீட்டிய சுவரோவியங்கள் புகழ் பெற்றன. ஆர்மேனியன் வீதியில் உண்மையான சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதில் இரு பிள்ளைகள் செல்வதுபோல் அவர் தீட்டிய ஓவியத்தைக் காண மக்கள் திரண்டனர். மூடிக்கிடந்த கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் சிற்றுண்டிச் சாலைகளாகவும் திறந்தன.

எனினும் இவ்வளர்ச்சியில் ஒரு கவலையும் மறைந்துள்ளது. பயணிகள் பெருகப் பெருக, வாடகையும் ஏறுகிறது. பூத்தொடுப்பவரும் பொற்கொல்லரும் பலசரக்குக் கடைக்காரரும் அகன்றுவிட்டால், எஞ்சுவது அழகிய வெற்றுக்கூடே. சுவரோவியத்தைச் சில நாட்களில் தீட்டிவிடலாம். ஒரு சமூகம் வேரூன்றத் தலைமுறைகள் வேண்டும்.

இங்குதான் ஆலயத்தின் பங்கு தெளிவாகிறது. விஜயதசமியன்று அம்மன் ரதம் லிட்டில் இந்தியா வீதிகளில் பவனி வரும்போது, அவ்வீதிகள் மீண்டும் பக்தர்களின் சொந்த வீதிகளாகின்றன. நாதசுரமும் தவிலும் கோலமும் காட்சிக்காக மட்டும் அமைந்தவை அல்ல. வழிபாட்டோடு பிறந்து வளர்ந்தவை. அவற்றை இளையோருக்குக் கற்பிப்பதும், ஆலயத்தைச் சூழ்ந்த சிறுவணிகரை ஆதரிப்பதும் நகர் காக்கும் திருப்பணிகளாகும். திருவிழாவுக்கு வருவோர் பிள்ளைகளின் கரம் பற்றி அவ்வீதிகளில் நடந்து, முன்னோர் வாழ்ந்த வரலாற்றை எடுத்துரைத்தால், அன்னையின் திருவருளால் அந்நகரின் உயிர் என்றும் நிலைக்கும்.