மரல் என்னும் பழஞ்செடி

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறைக்கு அணித்தே உள்ள அனலைதீவு ரொட்டர்டாம் எனப்பட்டது. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. அனலைதீவோ தன் பழம்பெயரையே காத்துக்கொண்டது.

இத்தகைய வறண்ட தீவு நிலத்திற்கு ஏற்ற செடி ஒன்றின் கதை இதற்கு நேர்மாறானது. நகர வீடுகளிற் சாடியில் வளர்க்கப்படும் பாம்புச்செடியைப் பலரும் அறிவர். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த அச்செடிக்கு இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உறவினம் உண்டு. அதுவே மரல், மருள் எனவும் வழங்கும். வாள்போல் நிமிர்ந்த தடித்த இலையும், அதன்மேற் குறுக்கே ஓடும் வரிகளும் அதன் அடையாளங்கள்.

சங்கப் புலவர் மரலை நன்கு அறிந்திருந்தனர். போரில் வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல்லிலே, மரல் நாராற் கட்டிய செந்நிற மலர்மாலையும் மயிற்பீலியும் சூட்டிய செய்தியைப் புறநானூற்றின் 264ஆம் பாடல் தருகின்றது. இலையைப் பலகையிற் கிடத்திச் சதையை வழித்தெடுத்தால் வெண்ணிற நார் கிடைக்கும். அது வில்லுக்கு நாணாகவும் கயிறாகவும் பயன்பட்டது. ஆங்கிலேயரும் இதனை வில்நாண் சணல் என்றே அழைத்தனர்.

ஐரோப்பிய அறிஞர் இதனை வகைப்படுத்த முயன்றனர். 1753இல் லின்னேயசு கற்றாழை இனத்துடன் சேர்த்தார். 1799இல் வில்டெனோ சான்செவியரியா இனத்தில் வைத்து, இலங்கையின் பெயரையே அடைமொழியாக்கினார். அண்மைக் கால மரபணு ஆய்வுகள் திராசீனா இனத்துள் இதனை அடக்கியுள்ளன.

இச்செடி வறட்சியைத் தாங்குவதன் காரணம் யாதெனில், பகலில் இலைத்துளைகளை மூடி, இரவிலே திறந்து கரியமிலவாயுவை ஏற்பதாகும். அதனால் நீர் ஆவியாதல் குறைகின்றது. நன்னீர் அரிதான தீவுகளில் இவ்வியல்பு பெரிதும் வேண்டப்படுவது.

1989இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனம் பாம்புச்செடியை மூடிய கூண்டில் வைத்துச் சோதித்தது. அதன்பின் அது வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்னும் பேச்சுப் பரவிற்று. ஆயின், காற்றோட்டமுள்ள அறையில் ஒருசில சாடிகளால் விளையும் பயன் மிகச் சிறிதே என 2019இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது.

நைலோன் கயிறு பெருகியபின் மரல் நாரின் தேவை அருகிற்று. தொழிலோடு பெயரும் மறையலாயிற்று. சாடியில் நிற்கும் செடியின் உறவினம் முன்னோர் நடுகல்லுக்கு மாலை கட்டிய மரல் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எளிதிற் கூடும் பணியாகும்.