டைனமிக் ரேஞ்ச்

போன் கேமராவில் எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) வந்ததிலிருந்து, வண்ணம் பளீரென்று அடிக்கிற படத்தையெல்லாம் ‘செம டைனமிக் ரேஞ்ச்’ என்கிறார்கள். பளபளப்புக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. ‘டைனமிக்’கின் வேர் ‘டுனாமிஸ்’ என்ற கிரேக்கச் சொல், பொருள் ஆற்றல். டைனமோவும், நோபல் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டும் அதன் பங்காளிகள். மேற்கத்திய இசையில் ‘டைனமிக்’ ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கப்போய், ஒலிப்பதிவில் ‘டைனமிக் ரேஞ்ச்’ மெல்லிய ஒலிக்கும் சிதையாத உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளியானது. கேமராவிலும் அதே கணக்குதான். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஓரளவு எலக்ட்ரான்களைத்தான் கொள்ளும். நிரம்பிவிட்டால் வெறும் வெள்ளை. கீழ் எல்லையில் சென்சாரின் சொந்த இரைச்சல். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் 14 ஸ்டாப் என்றால், ஒரு ஸ்டாப் இருமடங்கு என்ற கணக்கில், ஒன்றுக்கு 16,384. போதாவிட்டால் கல்யாண ஆல்பத்தில் தெரியும்: வீடியோ விளக்கு பட்ட மாப்பிள்ளை வேட்டியில் மடிப்பு ஒன்றுகூட இருக்காது; வேட்டியைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்தால் பெண்ணின் பின்னல் கரி அப்பியதுபோல் ஆகிவிடும். தமிழில் ‘இயங்கு வீச்சு’ என்று எழுதுவதுண்டு. இங்கே எது இயங்குகிறது? ‘வீச்சு’ மட்டும் அருமையான சொல். கைவீச்சு, அரிவாள் வீச்சு என்று தொடங்கி, பேச்சின் வீச்சு வரை வந்துவிட்டது. எட்டும் எல்லை என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘ஒளிவீச்சு’ என்றால் விளக்கின் வேலையாகிவிடும். நான் ‘ஒளியேற்பு வீச்சு’ என்பேன். ஸ்டுடியோக்காரர் வாயில் அது நுழையுமா என்பது வேறு விஷயம்.