பெத் எலோஹிம் தொழுகைக் கூடம், சார்ல்ஸ்டன்

கஹால் கதோஷ் பெத் எலோஹிம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் தென் கரொலைனா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரின் ஹேசல் தெருவில் அமைந்துள்ள யூதத் தொழுகைக் கூடம் (சினகாக்) ஆகும். இதற்குரிய சபை 1749 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தற்போதைய கட்டிடம் 1841 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அதே இடத்தில் இருந்த கட்டிடம் 1838 இல் தீயில் அழிந்தது. அதன் தோற்றம் முதன்மையாக ஓவியங்களின் வழியாகவே இன்று அறியப்படுகிறது.

முதல் கட்டிடம்

1800 அளவில் ஐக்கிய அமெரிக்காவிலேயே மிகப் பெரிய யூத சமூகம் சார்ல்ஸ்டனில் வாழ்ந்தது. அவர்களது முதல் பெரிய தொழுகைக் கூடம் 1794 இல் திறக்கப்பட்டது. ஜார்ஜியப் பாணியில் அமைந்த இக்கட்டிடம், கோபுரத்துடன் அக்காலத்துத் தேவாலயங்களைப் பெரிதும் ஒத்திருந்தது. உள்ளே ஸ்பானிய-போர்த்துகீசிய (செபராது) வழிபாட்டு மரபு பின்பற்றப்பட்டது. 1838 ஏப்ரல் 27 அன்று நகரில் பரவிய பெருந்தீயில் இது எரிந்து போனது.

எஞ்சிய படங்கள்

ஒளிப்படக்கலையின் தொடக்கமான டாகுரோவகை முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. கட்டிடம் அதற்கு ஓராண்டு முன்னரே அழிந்துவிட்டதால், அதன் ஒளிப்படம் எதுவும் இல்லை. இரண்டு படங்கள் குறிப்பிடத்தக்கவை.

வெளித்தோற்றம்: இங்கிலாந்தில் பிறந்த ஓவியர் ஜான் ரூபன்ஸ் சிமித் 1812 இல் வரைந்தது. கட்டிடம் நிலைத்திருந்த காலத்திலேயே வரையப்பட்ட இப்படம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது.

உட்தோற்றம்: சாலமன் நூனஸ் கர்வாலோ தீவிபத்துக்குப் பின்னர் 1838 இல் நினைவிலிருந்து வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். 1815 இல் சார்ல்ஸ்டனில் பிறந்த இவர், சிறுவயதிலேயே இக்கூடத்தை அறிந்தவர். நினைவிலிருந்து வரையப்பட்டதால் இதிலுள்ள அளவுகளைத் துல்லியமானவையாகக் கொள்ள இயலாது. எனினும் தூண்கள், மேல்மாடங்கள், தோரா சுருள்கள் வைக்கும் பேழை ஆகியவற்றின் அமைப்பை அறிய இதுவே முதன்மையான சான்றாகும்.

கர்வாலோ பின்னர் ஒளிப்படக் கலைஞராகி, 1853-54 இல் ஜான் பிரெமாண்ட் மேற்கு நோக்கி மேற்கொண்ட பயணத்தில் பங்கேற்றார். அப்போது அவர் எடுத்த டாகுரோவகைத் தகடுகளில் பெரும்பாலானவையும் தீயில் அழிந்ததாகக் கருதப்படுகிறது.

இரண்டாம் கட்டிடம்

புதிய கூடத்தை நியூயார்க் கட்டிடக் கலைஞர் சைரஸ் வார்னர் வடிவமைத்தார். சபை உறுப்பினரான டேவிட் லோபஸ் கட்டினார். இது தேவாலய வடிவைக் கைவிட்டு, டோரிக் தூண்கள் தாங்கும் முகப்புடன் கிரேக்கக் கோயில் போன்று அமைந்தது. கட்டப்படும்போதே இதில் ஆர்கன் இசைக்கருவி வைக்க முடிவு செய்யப்பட்டது. ஓய்வு நாளில் இசைக்கருவி மீட்டுவது மரபுக்கு மாறானது என எதிர்த்தவர்கள் பிரிந்து, ஷியரித் இஸ்ரயேல் என்ற தனிச் சபையை அமைத்தனர். 1866 இல் இரு பிரிவினரும் மீண்டும் இணைந்தனர். பழைய கூடத்தின் உட்தோற்ற ஓவியம், இப்பிளவுக்கு முந்தைய வழிபாட்டுச் சூழலைக் காட்டுவதாலும் வரலாற்று மதிப்புடையது.

1841 ஆம் ஆண்டுக் கட்டிடம், 1763 இல் திறக்கப்பட்ட நியூபோர்ட் நகரின் டூரோ தொழுகைக் கூடத்துக்கு அடுத்தபடியாக, நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய தொழுகைக் கூடமாகும். 1980 இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.