காதால் வந்த ஆங்கிலம், கண்ணால் வந்த ஆங்கிலம்

இணைய அரட்டைக் குறுக்கங்களை மக்கள் வாய்விட்டுச் சொல்லும்போது எப்படி ஒலிக்கிறார்கள் என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சமூகம் ஆங்கிலத்தைக் காதால் பெற்றதா, கண்ணால் பெற்றதா என்பதைக் காட்டும் நல்ல சான்றுகளுள் அதுவும் ஒன்று.

இக்குறுக்கங்களின் எழுத்து வரலாறு தெளிவாகவே கிடைக்கிறது. 'ஓ.எம்.ஜி.' என்பதை 1917 செப்டம்பர் 9 அன்று ஃபிஷர் பிரபு சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே காண்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதனையும் 'எல்.ஓ.எல்.' என்பதனையும் 2011 மார்ச்சில் ஏற்றது. ஒலி வரலாற்றுக்கோ இத்தகைய தேதிகள் இல்லை. அதனை நாம் ஊகித்தே மீட்க வேண்டியிருக்கிறது.

'எல்.ஓ.எல்.' ஒரே சொல்லாகச் சொல்லப்படும்போது தென் இங்கிலாந்தில் இதழ் குவிந்த குற்றுயிர் கேட்கிறது. அமெரிக்கர் பலரிடம் அது ஏறத்தாழ 'லால்' ஆகிறது. ஆகாரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்ட அந்த ஆங்கில உயிருக்குத் தமிழில் நேரான ஒலி இல்லை. தமிழகம் அதன் திறப்பைக் கேட்டது. ஆகவே டாக்டர், காலேஜ், காபி என்றாயின. இலங்கைத் தமிழ் அதன் குவிவைக் கேட்டது. அங்கே டொக்டர், கோப்பி. இரண்டும் காதின் தீர்ப்புகளே. அந்த விதி இன்றும் செயல்பட்டிருந்தால் சென்னை இளைஞர் 'லால்' என்றிருக்க வேண்டும். அவரோ 'லோல்' என்கிறார். இச்சொல்லை அவர் எவர் வாயிலிருந்தும் கேட்கவில்லை, திரையில் படித்தார். கூடவே 'லொள்ளு' என்ற நம் பழகிய சொல்லும் அருகில் நின்று பொருளுக்குத் துணைசெய்கிறது.

எழுத்தெழுத்தாகச் சொல்லப்படும் குறுக்கங்களின் கதை வேறு. எழுத்துப் பெயர்களை நாம் வகுப்பறையில் காதால் கற்றோம். அவற்றை நம் ஒலியமைப்பு தன் வழியில் ஏற்றுக்கொண்டது. பேச்சில் 'எலி' யகரச் சாயலோடு 'யெலி' என ஒலிப்பது போலவே 'எம்' 'யெம்' ஆகிறது, 'எல்' 'யெல்' ஆகிறது. தெலுங்கிலும் இதுவே வழக்கம். அங்கே என்.டி.ஆர். பெயரை 'யன்.டி.ஆர்.' என்று எழுதுவதும் உண்டு. 'பி.ஆர்.பி.' என்பதன் நடுவிலுள்ள ரகரத்தைத் தென் இங்கிலாந்துக்காரர் விழுங்கிவிடுவார். நாம் முழுமையாக ஒலிப்போம்.

இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடம் ஸ்ரீ சிட்டி. 1960 ஏப்ரல் 1 எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு வட்டாரம் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்றது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அந்த வட்டாரத்தில் 2008இல் தோன்றிய இத்தொழில் நகரம், 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கியது. அதன் ஆட்சிப்பெயரே ஒரு குறுக்கம்: சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைத் தெலுங்கு இதழ்கள் கண்ணால் படித்து 'செஜ்' என்று ஒரே சொல்லாக்கிவிட்டன. அங்குள்ள இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமோ 'ட்ரிபிள் ஐ.டி.' ஆயிற்று, மூன்று 'ஐ'களை அடுக்கிச் சொல்ல நா மறுத்ததால் எண்ணிக்கையே பெயரில் புகுந்தது. இந்நகரில் ஜப்பானிய ஆலைகளும் உண்டு. ஜப்பானியர் சிரிப்புக்குச் 'சிரி' என்னும் பொருளுள்ள சொல்லின் முதலெழுத்தாகிய ரோமன் 'டபிள்யூ'வை அடுக்கி எழுதுவர். அவ்வரிசை புல்வெளி போலத் தோன்றியதால் அதை வாயால் 'குசா', அதாவது புல், என்றே சொல்லத் தொடங்கினர். கண் காதை வென்றதற்கு இதைவிடத் தூய சான்று அரிது.

இத்தனை வரலாறு அடங்கிய 'யெம்' என்னும் ஓரசையைத்தான் நேர்காணல் பயிற்சிகளில் களையவேண்டிய பிழை என்கிறோம். வட அயர்லாந்தில் எட்டாம் ஆங்கில எழுத்தை 'எய்ச்' என்பாரா 'ஹெய்ச்' என்பாரா என்பதை வைத்தே ஒருவரின் சமயப் பிரிவை ஊகித்தனர். எழுத்தின் பெயர் ஆளை எடைபோடும் கருவியானால் அதன் விலை சிறியதன்று. எல்லையோரத்து மாணவர் ஒருவர் 'யெல்' என்று சொன்னால், அவர் ஆங்கிலத்தில் தவறவில்லை; தம் மொழியின் ஒலி விதியைப் பிறழாமல் கடைப்பிடிக்கிறார். திரை எழுத்தை மட்டுமே சேமிக்கும். ஒலிப்பைத் திருத்துவதற்கு முன் அதைப் பதிவு செய்வது மொழியியல் மாணவர்களாகிய நம் பொறுப்பு.