உரமும் நிலத்தடி நீரும்: மணலி – மீஞ்சூர் வட்டாரத்தை முன்வைத்து வேளாண் கொள்கையும் இளம் உழவர் பங்கேற்பும்

ஆய்வுச் சுருக்கம்

இளைஞர்களை வேளாண்மைக்கு ஈர்ப்பது எவ்வாறு என்னும் வினா அண்மைக்கால வேளாண் கொள்கைக் கருத்தரங்குகளில் தவறாது இடம்பெறுகிறது. இவ்வினா பெரும்பாலும் பயிற்சி, கடன், ஆர்வம் ஆகியவற்றைச் சார்ந்தே எழுப்பப்படுகிறது. உழவுக்கு அடிப்படையான நீர் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது அதனுள் அடங்குவதில்லை. பசுமைப் புரட்சிக்கு உரம் வழங்கிய வடசென்னைத் தொழிற்பகுதியையும் அதற்கு நீர் வழங்கிய மீஞ்சூர்ப் பகுதியையும் இணைத்துப் பார்த்து, இவ்விடுபாட்டின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பசுமைப் புரட்சி, மணலி, மீஞ்சூர், நிலத்தடி நீர், உவர்நீர் ஊடுருவல், இளம் உழவர்.

முன்னுரை

வடசென்னை என்றதும் இராயபுரம் மீன்பிடித் துறைமுகமும் திருவொற்றியூர் ஆலைகளும் எண்ணூர் அனல்மின் நிலையமும் நினைவுக்கு வரும். வேளாண் வரலாற்று ஆய்வுகளில் இப்பகுதிக்கு இடமில்லை. சென்னையின் வேளாண் வரலாறு 1868இல் சைதாப்பேட்டையில் நிறுவப்பட்ட வேளாண் பள்ளியில் தொடங்கி, அது 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டதோடு முடிந்துவிட்டதாகவே எழுதப்படுகிறது. எனினும் 1960களில் வகுக்கப்பட்ட புதிய வேளாண் கொள்கையின் பொருளியல் அடித்தளங்களுள் ஒன்று மணலியில்தான் அமைந்தது. அவ்வகையில் வடசென்னையைத் தவிர்த்துத் தமிழகத்தின் தற்கால வேளாண் வரலாற்றை எழுத இயலாது.

கொள்கையும் உரமும்

1964 முதல் 1967 வரை நடுவண் அரசின் உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். உயர் விளைச்சல் விதை, வேதியுரம், உறுதியான பாசனம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வழங்கும் உத்தி அவர் காலத்தில் உருப்பெற்றது. 1966ஆம் ஆண்டுக் காரிஃப் பருவத்தில் உயர் விளைச்சல் இரகத் திட்டம் நாடளவில் தொடங்கியது. குட்டையான புதிய இரகங்கள் மிகுந்த தழைச்சத்தை ஏற்றுச் சாயாமல் நின்று விளைபவை. உரமின்றி அவற்றின் சிறப்பு வெளிப்படாது. ஆகவே விதைக் கொள்கை தவிர்க்கவியலாதவாறு உரக் கொள்கையாகவும் ஆயிற்று.

இப்பின்னணியில், 1966 டிசம்பரில் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோக்கோ நிறுவனமும் கூட்டாகச் சென்னை உர நிறுவனத்தை (மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்) ஏற்படுத்தின. அருகிலேயே 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதற்கு வேண்டிய நாஃப்தாவை வழங்கும் வாய்ப்பை உருவாக்கியது. 1971இல் உர உற்பத்தி தொடங்கியது. ‘விஜய்’ என்னும் வணிகப் பெயருடன் மணலியிலிருந்து சென்ற யூரியா மூட்டைகள் தென்மாநில வயல்களை அடைந்தன.

விதைக்கும் இவ்வட்டாரத்தோடு தொடர்புண்டு. திருவள்ளூரை அடுத்த திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 இரகம், தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மைக்காகப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐ.ஆர். 20 இரகத்திற்குப் பெற்றோருள் ஒன்றாயிற்று. விதையும் உரமும் ஆகிய இரண்டிற்கும் பங்களித்த இவ்வட்டாரம், மூன்றாவது கூறாகிய நீரை இழந்தது.

பயிற்சியும் பரப்புரையும்

புதிய உத்தியை உழவரிடம் சேர்க்கப் பல வழிகள் கையாளப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பால் பரவிய ஆடுதுறை 27 ‘ரேடியோ நெல்’ என்றே மக்களால் வழங்கப்பட்டது. 1974இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. ஊரக இளைஞர்களுக்குச் செய்முறைவழித் தொழிற்பயிற்சி அளிப்பது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று.

இம்முயற்சிகள் பயனற்றவை அல்ல. வானொலி கேட்டு விதை மாற்றிய உழவர், பழமையில் ஊறியவர் என்னும் கூற்றுக்கு மறுப்பாக நின்றார். இந்திய உழவரின் குறை அறியாமையன்று, வசதியின்மையே என்னும் கருத்தை 1893ஆம் ஆண்டு அறிக்கையிலேயே வோல்க்கர் முன்வைத்திருந்தார். எனினும் பரப்புரையின் அமைப்பு ஒருவழிப்பட்டதாகவே இருந்தது. நிலையம் கற்பிக்கும், உழவர் ஏற்பார். நீரும் நிலமும் எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்பதில் உழவரின் கருத்தைக் கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை.

மீஞ்சூரின் நீர்

உரத் தொழிலும் எண்ணெய்த் தொழிலும் பெருமளவு நன்னீரை வேண்டுபவை. 1966–69 காலத்தில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் ஆரணியாறு – கொசத்தலையாறு வடிநிலத்தில் நிலத்தடி நீராய்வு நடைபெற்றது. அதன் பயனாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய கிணற்றுத் தொகுதிகள் அடையாளங் காணப்பட்டன. இவற்றின் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரக் குடிநீருக்கும் சென்றது. இதே வண்டல் படுகையை நம்பித்தான் அவ்வூர்களின் நெற்பயிரும் காய்கறிப் பயிரும் இருந்தன.

கடலோர நீர்ப்படுகையில் நன்னீரின் அழுத்தமே உவர்நீரைத் தடுத்து நிறுத்துகிறது. மழையாலும் ஆற்றாலும் ஊறும் அளவுக்கு மேல் நீர் இறைக்கப்பட்டால் அவ்வழுத்தம் குன்றி உவர்நீர் உள்நோக்கி நகரும். மீஞ்சூரில் நிகழ்ந்தது இதுவே. 1960களின் இறுதியில் கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்த உவர்நீர் எல்லை, பிந்தைய பதிற்றாண்டுகளில் பத்துக் கிலோமீட்டரளவு உள்ளே வந்துவிட்டதாக நீரியல் ஆய்வுகள் காட்டின. தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் சென்ற நீரோடு பாசனக் கிணறுகளின் இறைப்பும் இதற்குக் காரணமாயிற்று என்பதையும் சேர்த்தே கருத வேண்டும். ஆனால் விளைவு சமமாகப் பகிரப்படவில்லை. ஆலைக்கு மாற்று நீர் தேடித்தரப்பட்டது. உவர்ப்பேறிய கிணற்றை உடைய உழவருக்கு அத்தகைய மாற்று கிட்டவில்லை.

1987இல் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1990களில் மணலித் தொழிற்சாலைகள் நகரக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தத் தொடங்கின. இது போற்றத்தக்க மாற்றமெனினும், இருபது ஆண்டுகள் பிந்தி வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிய பற்றாக்குறைக் காலத்தில் குடிநீர் வாரியம் இவ்வடிநில உழவர்களின் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. பயிரிடுவதைவிட நீரை விற்பது ஆதாயமாயிற்று. கிணறுடையோர் வருவாய் பெற்றனர்; நிலமற்ற கூலியாளர் வேலையிழந்தனர். அச்சூழலில் வளர்ந்த தலைமுறைக்கு வயலைவிட ஆலை வாயில் அண்மையில் இருந்தது.

இளைஞர் என்னும் வினா

2003ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வு, வாய்ப்புக் கிடைத்தால் வேறு தொழிலுக்குச் செல்ல ஏறத்தாழ 40 விழுக்காட்டு உழவர் விரும்புவதைக் காட்டியது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை செயற்பட்ட தேசிய உழவர் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி வெளியான 2007ஆம் ஆண்டு உழவர் கொள்கை, இளைஞர்களை வேளாண்மையில் ஈர்த்து நிலைநிறுத்துவதைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாக அறிவித்தது. 2015இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதற்கெனவே ‘ஆர்யா’ திட்டத்தைத் தொடங்கியது. 2021 ஆகஸ்டு 14 அன்று தமிழகத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை முன்வைக்கப்பட்டது. அதிலும் இளைஞர்க்கான திட்டங்கள் இடம்பெற்றன.

இவ்வாவணங்களின் வளர்ச்சியில் ஒரு மாற்றம் புலனாகிறது. 1970களில் இளைஞர் பயிற்சி பெறவேண்டியவராகக் கருதப்பட்டார். 2010களில் தொழில்முனைவோராகக் கருதப்படுகிறார். இரு நிலையிலும் அவர் உழவில் நீடிக்காமைக்கான காரணம் அவரிடமே தேடப்படுகிறது. மீஞ்சூர் இளைஞருக்குத் திறன் குறைவு என்று கொள்ளச் சான்றில்லை. ஆனால் அவர் தந்தையின் கிணறு உவர்ப்பானதற்குச் சான்று உண்டு.

முடிவுரை

மணலி உரம் தொலைவிலுள்ள வயல்களில் விளைச்சலைப் பெருக்கியது. அதற்கு வழங்கப்பட்ட நீர் அருகிலிருந்த வயல்களின் எதிர்காலத்தைச் சுருக்கியது. இவ்விரு நிகழ்வும் ஒரே கொள்கையின் இரு விளைவுகள். ஆயினும் முன்னது வேளாண் வரலாற்றிலும் பின்னது நகர நீர் வரலாற்றிலும் தனித்தனியே எழுதப்படுவதால் அவற்றின் தொடர்பு மறைந்துபோகிறது. வேளாண் கருத்தரங்குகள் இளைஞரை அழைக்கும்போது, அவர் திரும்ப வேண்டிய நிலத்தில் நீர் எந்நிலையில் உள்ளது, அதைப் பங்கிடும் அவையில் அவருக்கு இடமுண்டா என்னும் வினாக்களையும் உடனெழுப்புதல் இன்றியமையாதது. அவை விடைபெறாத வரை ஊக்குவிப்புத் திட்டங்களின் பயன் வரம்புக்குட்பட்டதாகவே இருக்கும் என்பதே மீஞ்சூர் தரும் வரலாற்றுச் சான்று.