பால்மரத் தோட்டத்தில் களை கொத்தியவர்கள்

சென்ற மாதம் குமரி மாவட்டம் குலசேகரம் போயிருந்தேன். இளம் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே தரையே தெரியாமல் கொடி படர்ந்திருந்தது. நம் கேளம்பாக்கத்தில் கொல்லையை இப்படிப் போட்டு வைத்தால் சோம்பேறி என்பார்கள்! விசாரித்தால், வேண்டுமென்றே விதைத்த மூடுபயிராம்.

எனக்கு மலேயா ஞாபகம் வந்தது. ரப்பர் மரம் பால் தர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை செலவுதான், வரவில்லை. கன்று சீக்கிரம் பருக்க வேண்டுமென்று அந்தக்கால வெள்ளைக்காரத் துரைகள் ஒரு புல்கூட இல்லாமல் தரையைச் சுரண்ட வைத்தார்கள். கொத்தியவர்கள் நம் தமிழர்கள், பெண்களும் சிறுவர்களும் உட்பட. என் பாட்டியின் அண்ணனும் அதில் ஒருவர். "மழை வந்தா மண்ணு செவப்பா ஓடும்" என்பாராம்.

ஓடியது மேல்மண். களையை அப்படியே விட்ட சிறு தோட்டக்காரர்களை அதிகாரிகள் குறை சொன்னார்கள். ஆனால் அவர்கள் மண் அவ்வளவாகக் கரையவில்லை. 1930-களுக்குள் பெரிய தோட்டங்களும் மூடுபயிருக்குத் திரும்பின. லாலான் புல் மட்டும் நிஜமான எதிரி, அதை ஒழிக்கத்தான் வேண்டும்.

இன்று கன்றைச் சுற்றி வட்டமாக மட்டும் களை எடுக்கிறார்கள். பயறு வகைக் கொடி மண்ணுக்குத் தழைச்சத்து தருகிறது. ஒட்டுக்கன்று மரம் 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. சுற்றளவு வந்தால் பால் வெட்டலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தக் களை வேலை பற்றிச் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள்.