போகிபீல் பாலமும் இருவகைத் தாமதங்களும்



அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா நதியின் தென்கரையில் திப்ருகர் நகரமும், வடகரையில் தேமாஜி மாவட்டமும் உள்ளன. அஸ்ஸாம் மருத்துவக் கல்லூரி திப்ருகரில் இருக்கிறது. வடகரையில் ஒருவர் கடும் நோயுற்றால், படகேறியே அங்கு செல்ல வேண்டியிருந்தது. வெள்ளக் காலத்தில் நதி கரைபுரளும். இரவில் படகுப் போக்குவரத்து நின்றுவிடும். மருத்துவமனை அக்கரையில் இருக்க, நோயாளி இக்கரையில் விடியலுக்காகக் காத்திருப்பார்.

இக்கரைகளை இணைக்கும் போகிபீல் பாலத்திற்கு 1997 ஜனவரி 22 அன்று பிரதமர் தேவகௌடா அடிக்கல் நாட்டினார். 2002 ஏப்ரலில் பிரதமர் வாஜ்பாய் பணியைத் தொடங்கிவைத்தார். 2018 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பின் திருநாளில், பிரதமர் மோடி பாலத்தைத் திறந்துவைத்தார். அதன் நீளம் 4.94 கிலோமீட்டர். கீழ்த்தளத்தில் இரண்டு ரயில் பாதைகள். மேல்தளத்தில் மூன்று வழிச் சாலை.

அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே ஏறத்தாழ 22 ஆண்டுகள் கடந்தன. இத்தாமதத்தின் ஒரு பகுதிக்கு நதியே காரணம். வெள்ளம் வடிந்தபின் கிடைத்த சில மாதங்களில் மட்டுமே ஆற்றினுள் வேலை செய்ய முடிந்தது. பெருங்கிணறு போன்ற அடித்தளங்களை, உள்ளிருக்கும் மணலைத் தோண்டத் தோண்ட, சிறிது சிறிதாக ஆழத்தில் இறக்கினார்கள். 1950 ஆகஸ்ட் 15 அன்று பெரும் நிலநடுக்கத்தால் குலுங்கிய நிலப்பகுதி அது. அங்கே அவசரத்திற்கு இடமில்லை.

மற்றொரு பகுதிக்கு மனிதரே காரணம். தொடக்க ஆண்டுகளில் போதிய நிதி வரவில்லை. 2007இல் தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறியது. காத்திருந்த நோயாளிக்கோ இவ்விரு தாமதங்களும் ஒன்றே. இரண்டிலும் அவர் கரையிலேயே நின்றார்.

அன்பானவர்களே, பொறுமை நற்பண்பு என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். கட்டுகிறவனுக்கு அது மெய்யே. ஆயினும் நம்முடைய அசதிக்கும் பொறுமை என்று பெயரிட்டுவிடக் கூடாது. வெள்ளம் வடியும்வரை காத்திருப்பது ஞானம். வடிந்த பின்னும் வேலையைத் தொடாதிருப்பது அயலானுக்குச் செய்யும் அநீதி. நாம் தள்ளிவைத்த ஓர் உதவிக்காக, ஒப்புரவுக்காக, இன்று அக்கரையில் காத்திருப்பவர் யார்? இந்த வாரம் அவரை நினைப்போம், அவரிடத்திற்குச் செல்வோம்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக.